பதினேழு நாட்டுக் கூழாங்கல்

கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து, தன் கூழாங்கல் பதினேழு நாட்டு நியாயங்களைக் கரைத்துக் குடித்தது என்று சத்தியமே பண்ணினார். "தப்பு செஞ்சவன் பிடிச்சா சுடும். ஒரு நாட்டுல தட்டுல சோறு மிச்சம் வச்சவன் கையைச் சுட்டுச்சு. அடுத்த நாட்டுல வழிச்சுத் தின்னவனை! எல்லா நாட்டுலயும் சுட்டது ஒருத்தனைத்தான். கடல்ல விழுந்தவன் கூப்பிடக் கூப்பிட, படகைத் திருப்பாம வந்தவனை."

மைத்துனன் கஸ்பார் கல்லைவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். படகில் கூடவந்து கடலில் மூழ்கிப்போன சூசை விழுந்ததையே பார்க்கவில்லை என்றுதான் அவன் ஊரில் சொல்லியிருந்தான். "புளுகு மச்சான்," என்றான்.

"அப்ப பிடி."

பக்கத்தில் சூசையின் மனைவி வலை பின்னுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். கஸ்பார் கையை நீட்டிக் கல்லை வாங்கினான். கல் கொதித்தது, விரல்கள் விரிய மறுத்தன. அவன் அலறினான்.

"போட்டுருடா! அது நம்ம கரையில பொறுக்குன கல்லுடா!" என்று சவரிமுத்துவே பதறினார்.

கஸ்பார் அவளையே பார்த்தான். "அவன் விழுந்ததை நான் பாத்தேன் மதினி. அவன் என்னைக் கூப்பிட்டான்."