வடக்குச் சுவர்

"இது பூகம்பம் இல்லீங்கம்மா."

"அதெப்படிங்க சார், அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

அர்த்தனாரி டார்ச் விளக்கை அணைத்தார். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதங்களைப் பார்வையிட்டு மதிப்பிடுவது அவர் தொழில். இந்தக் கேள்வியைக் கேட்காத வீட்டுக்காரரை அவர் சந்தித்ததில்லை; பதிலை இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொள்பவரையும் சந்தித்ததில்லை. இருசாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கச் சொல்பவளைப் போல எதிரே நின்றாள்.

மலைமேல் வளப்பூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, வங்கிக் கடனில் கான்கிரீட் தளம் போட்டுக் கட்டிய தார்சு வீடு. கடனோடு சேர்ந்து வந்த பாலிசியில் தீ, புயல், பூகம்பம் எல்லாம் இருந்தன. வடக்குச் சுவரில் விரிசல்களும் இருந்தன.

"பூகம்பம்னா ஊட்டையே புடிச்சு உலுக்கும். இங்க வடக்குச் சுவரு மட்டுந்தான் வெடிச்சிருக்குது. பூகம்பம் தெசை பாத்தா வரும்?"

"வராதுங்களா?"

"வராதுங்க. இன்னொண்ணு பாருங்க. இந்த விரிசலுக்குள்ள சுண்ணாம்பு போயிருக்குது. நீங்க பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதுக்கு முந்தியே வந்தது. அந்த விரிசலு அதுக்கப்புறம் வந்தது. இது இப்பத்தான் வந்திருக்குது. பூகம்பம் தவணை முறையில வராதுங்க."

அவள் கணவன் செல்லமுத்து சிரித்துவிட்டார். மனைவி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அந்தாளு சொன்னப்பவே நானு..." என்று தொடங்கினார்.

"நீங்க செத்த சும்மா இருங்க மாமா" என்றாள் இருசாயி. "சார், பூகம்பந்தான்னு பெரிய மனுசரு ஒருத்தரு சொன்னாருங்க. படிச்சவரு. கார்ல வாரவரு."

"கார்ல வந்தாலும் தப்பு தப்புதானுங்க."

"அப்ப வேற என்னங்க காரணம்?"

"அது தெரியலை. அஸ்திவாரமா இருக்கலாம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இதையெல்லாம் ஆபீசுக்கு எழுதுவீங்களா? எங்களுக்கும் ஒரு காப்பி வருமுங்களா? காரணத்தோட, சீலு வெச்சு?"

மேல்முறையீட்டுக்குப் போகப்போகிறாள் என்று அர்த்தனாரி நினைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. தோற்கப்போவதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம் அவருக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு.

"வருங்கம்மா" என்று பையைத் தோளில் மாட்டினார். "நான் கெளம்பறேன். பஸ் வந்துரும்."

"சாப்பிடாமயா? சாமைச்சோறு ஆக்கியிருக்கறேன்."

"பஸ் போயிருமுங்க."

"போனா அடுத்த பஸ்ஸு வருது. நீங்க உக்காருங்க சார்."

அது வேண்டுகோளாகத் தொனிக்கவில்லை. அர்த்தனாரி உட்கார்ந்தார். கூடத்தில் வேறு இடமிருந்தும், வடக்குச் சுவரை ஒட்டியே இலை போட்டாள். பரிமாறும்போது இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸை நினைத்துப் பார்க்கிறாள் என்று அவர் எண்ணினார்.

அவர் ரசத்துக்கு வந்தபோது வடக்கே எதிர்ச்சரிவிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. தரை தூக்கிப் போட்டது. தண்ணீர்ச் சொம்பு தானாக நகர்ந்தது. விரிசலிலிருந்து சிமெண்டுத் தூள் உதிர்ந்து இலையில் விழுந்தது.

"என்னங்க அது?"

"கல்குவாரிங்க. வெடி வெக்கறாங்க." அவள் குரலில் மாற்றமே இல்லை. "வேற எலை போடட்டுங்களா?"

அர்த்தனாரி கையைக் கழுவிவிட்டு வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அஸ்திவாரம் இல்லீங்கம்மா. இந்த வெடிதான். சந்தேகமே இல்லை."

"வெடிக்கும் பாலிசியில பணம் உண்டுன்னாங்களே?"

"ஒரே வெடியில சுவரு விழுந்திருந்தாப் பேசலாம். மாசக்கணக்கா அதிர்ந்து அதிர்ந்து விரிஞ்சதுக்கு இந்தப் பாலிசியில எடமில்லை."

"மழை புடிச்சா இந்தச் சுவரு நிக்குமுங்களா?"

அவர் விரிசலை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தார். "நிக்காதுங்க."

"இன்னொரு ஊடு கட்ட எங்களுக்கு வழியில்லீங்க" என்றாள் இருசாயி. அழவில்லை, தகவலைப் போலச் சொன்னாள்.

அழுதிருந்தால் அர்த்தனாரிக்கு எளிதாக இருந்திருக்கும். அழுபவர்களைத் தாண்டி வர அவர் பழகியிருந்தார். இத்தனை வருடத்தில் ஓர் அறிக்கையிலும் ஒரு சொல்லைக்கூட அவர் வளைத்ததில்லை. வாசலில் இறங்கிப் பலா மரம் வரை நடந்தார். திரும்பி வந்து படிவத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சரிங்கம்மா. நான் பூகம்பம்னே எழுதிடறேன். சேலம் பக்கம் லேசா ஒரு அதிர்வு பதிவாகியிருக்குது, அதைக் காட்டிக்கலாம். உங்க பணம் வந்துரும்."

இருசாயி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ சாமி, அப்படி எழுதிராதீங்க! கலெக்டர்கிட்ட நாங்க குடுத்த மனுவுக்கு, கார்ல வார அந்தக் குவாரிக்காரரும் பூகம்பம்னுதான் எழுதிக் குடுத்திருக்கறாரு. இல்லைன்னு உங்க ஆபீசு சீலு வெச்சுக் குடுத்தாத்தானே அந்த வெடியை நாங்க நிறுத்த முடியும்!"