எலுமிச்சம்பழ பார்ட்டி

"அக்கா, எலுமிச்சம்பழ பார்ட்டி வந்துகினு கீது!"

ஷோரூமின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான், வண்டி துடைக்கும் பையன் பென்னி.

விற்பனைப் பெண் சத்யபிரியாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மாதக் கடைசி. இன்னும் ஒரே ஒரு புக்கிங் வந்தால் இந்த மாத டார்கெட்டை முடித்துவிடலாம். அந்த நேரம் பார்த்தா இவர்கள் வர வேண்டும்?

வெளியே பழைய ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார் துரைராஜ். செம்பாக்கத்தில் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஆள். பக்கத்தில் மனைவி ஹேமாவதி. அவள் கையில், வழக்கம்போல, ஓர் எலுமிச்சம்பழம்.

தாம்பரத்தில் இருக்கும் இந்த எலக்ட்ரிக் கார் ஷோரூமுக்கு அவர்கள் முதல் தடவை வந்தபோது, அந்தப் பழத்தைப் பார்த்து எல்லாருமே ஏமாந்துவிட்டார்கள். டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தைக் கையோடு கொண்டு வருகிறவர் வண்டி வாங்காமலா போவார்? மேனேஜர் தேங்காய், கற்பூரம் வாங்கவே ஆள் அனுப்பிவிட்டார்.

துரைராஜ் வண்டியை ஓட்டிப் பார்த்தார். "ஒரு தடவ சார்ஜ் போட்டா ஓடுற ரேஞ்ச் பத்தாதும்மா. அடுத்த மாடல் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். தேங்காயை உடைத்து ஆளுக்கு ஒரு சில்லு தின்றதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் எந்தப் புது மாடல் வந்தாலும் முதல் ஆளாக ஆஜராகிவிடுவார். ஒன்றுக்கு ரேஞ்ச் போதாது. ரேஞ்ச் இருந்தால், "இந்த விலைக்கு நான் ஒரு மனைய விக்கணும்" என்பார். இன்னொன்றில், "ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா வண்டி சடக்குனு பிடிச்சு இழுக்குதும்மா" என்று ஒரு குறை.

ஓட்டுவதாவது ஒழுங்காக ஓட்டுவாரா? ஏரிப் பக்கம் காலி மைதானத்துக்குக் கொண்டுபோய், லைசென்ஸ் வாங்கப் போகிறவர் மாதிரி எட்டு எட்டாகப் போடுவார். ஹேமாவதி பக்கத்து சீட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். இறங்கும்போது அந்தப் பழம் கிள்ளிக் கிள்ளித் தோலெல்லாம் கந்தலாகி இருக்கும்.

"வூட்டுக்காரரு இந்த வாட்டியும் வாங்க மாட்டாருனு அதுக்குத் தெரியும் அக்கா. அந்தக் கோவத்த பழத்து மேல காட்டுது" என்பது பென்னியின் கண்டுபிடிப்பு.

"வாங்க சார், வாங்க ஆன்ட்டி" என்று எழுந்தாள் சத்யபிரியா. "இது நேத்துதான் வந்தது. ரேஞ்சும் ஜாஸ்தி, விலையும் கம்மி. இதுக்கு மேலயும் அடுத்த மாடல்னு சொன்னீங்கன்னா, நான் வேலைய விட்டுட்டு உங்க கடைல ஒண்ண வாடகைக்கு எடுத்து இட்லி சுட வேண்டியதுதான்."

"அட்வான்ஸ் கொஞ்சம் ஜாஸ்தியாவும்மா, பரவாயில்லையா?" என்று சிரித்தார் துரைராஜ்.

"செம்பாக்கத்துலேர்ந்து மார்க்கெட்டுக்கு வர எதுக்கு சார் இவ்ளோ ரேஞ்ச்?"

"போனா திரும்பி வர வேணாமா? நடுவுல நின்னா யாரு தள்றது, நீயா?"

சத்யபிரியா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி நேராக அதே மைதானத்துக்குப் போனது. ஓர் எட்டு. இன்னோர் எட்டு. அப்புறம் எண்ணிக்கையே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த சத்யபிரியாவுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஓசியில் வண்டி ஓட்ட இப்படியும் ஓர் ஆசையா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, துரைராஜ் மனைவி பக்கம் திரும்பினார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் முகம்.

"இன்னா ஹேமா?"

ஹேமாவதி மூடியிருந்த கையை மெல்ல விரித்துக் காட்டினாள். துரைராஜ் அந்தப் பழத்தையே பார்த்தார்.

"புக் பண்ணிடும்மா."

சத்யபிரியாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பென்னி ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, அந்தப் பழத்த குடுங்க! டயருக்கு அடில வெச்சி நசுக்கிடலாம்!"

"டயருக்கு வேற பழம் வாங்கிக்கலாம்பா. இத உங்க அக்காகிட்ட குடு. பாவம், அவ மூஞ்சே வெளிறிப் போச்சு. மோந்து பாத்தா சரியாப் பூடும். எனக்கு இன்னிக்கு தேவையே படல."

சத்யபிரியா விழித்தாள். "மோந்து பாக்கறதுக்கா ஆன்ட்டி இதைக் கொண்டு வந்தீங்க?"

துரைராஜ்தான் பதில் சொன்னார். "ஸ்கூட்டர்னா காத்தாட வந்துடுவா. மூடின வண்டில பெட்ரோல் வாடை பட்டாலே இவளுக்கு வாந்திம்மா. கார், பஸ்சு எதுலயும் தெருமுனை தாண்ட மாட்டா. பொண்ணு வினிதாவ ஜவ்வாது மலைல கட்டிக் குடுத்துருக்கோம். மலை பூரா வளைவு. அவங்க ஊர்ல சார்ஜ் போட வசதியும் கெடையாது. இவ இன்னும் பொண்ணு வூட்டு வாசப்படிய மிதிச்சதில்ல. வர்ற தை மாசம் வளைகாப்பு. அம்மா கையால வளையல் போட வேணாமா?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"வாந்தி எடுக்கிற பொம்பளைய ஏத்திகினு ஓட்டிப் பாக்கணும்னு சொன்னா, புது வண்டியக் குடுப்பியாம்மா?"

சத்யபிரியா அந்தப் பழத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அதில் ஒரு நகக்குறிகூட இல்லை.