நீலப் பட்டையின் உயரம்

சங்கத் தலைவர் கோட்டுப் பொத்தானைத் தொப்பைக்கு மேல் இழுத்துப் பூட்டிக்கொண்டு திரையைக் காட்டுகிறார். பிழைக்க வந்த ஐந்து சமூகத்தாரின் சராசரிக் குடும்ப வருமானம் ஐந்து பட்டைகளாக நிற்கிறது. நம்மவரின் நீலப் பட்டைதான் நெடுநெடுவென்று கூரையை முட்டுகிறது. "பாத்தீங்களா? இந்த ஊர்ல நாமதான் முதல்!" கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கடைசி வரிசையில் சலவைக்கூடத்து வேலைக்காரி, வெந்நீரில் வெளுத்த விரல்களைப் பிசைந்துகொண்டிருக்கிறாள். தனி வீடு கேட்டு அவள் எழுதிய மனு, முன்வரிசையில் இருக்கும் வீட்டுவசதி அதிகாரியின் மேசைமேல், நம்மவர்களின் மனுக்கட்டுக்குள் கிடக்கிறது. "ஏன் தம்பி, கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட நம்ம எட்டுப் பேர் சம்பளத்தையும் ஒண்ணாக் கூட்டியா சொன்னீங்க?" என்று பக்கத்தில் இருக்கும் கொழுந்தனைக் கேட்கிறாள். "ஒரே வீடுதானே அண்ணி? கொஞ்சம் கெத்தாச் சொன்னேன்," என்கிறான் அவன். "ரெண்டு ரூம்ல முறை வச்சுத் தூங்கறோம்னு சொன்னீங்களா?" "அதை அவங்க கேக்கவே இல்லியே!" அதிகாரி நீலப் பட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். புன்னகையோடு மனுக்கட்டை எடுத்து, இவ்வளவு வசதியானவர்களுக்கு இது எதற்கு என்று தலைவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். தலைவர் அதை விருதுபோல் இரு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். மறுபடி கைதட்டல் எழுகிறது. கொழுந்தனும் தட்டுகிறான்; அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அவன் கைகள் பாதியில் நிற்கின்றன.