சாரை கொண்டுவந்த நெல்

மழைத் தண்ணீர் வளைக்குள் புகுந்ததில் எலி சேர்த்து வைத்திருந்த நெல்லெல்லாம் அழுகிப்போனது. வயலில் கதிர் முற்ற இன்னும் சில நாள் ஆகும். குட்டிகள் பசியில் கீச்சிட்டன.

அந்த நேரம் பார்த்து ஒரு சாரைப்பாம்பு, வாலால் நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு வளை வாசலுக்கு வந்தது.

"எடுத்துக்கம்மா. அறுவடை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்தாப் போதும்."

எலி பின்வாங்கியது. "என் வளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதை விடு. குட்டிங்க பசியைப் பாரு."

"நீங்க நெல்லே சாப்பிட மாட்டீங்களே, உங்ககிட்ட ஏது நெல்?"

"கஷ்டப்படுறவங்களுக்குக் கொடுக்கத்தான் வச்சிருக்கேன்."

எலி குட்டிகளைப் பார்த்தது. "ரெண்டு பிடி கொடுங்க. அறுவடை வரைக்கும் அது போதும்."

"ரெண்டு பிடியா! மூட்டையோட எடுத்துக்க."

வாங்குகிறவளைவிடக் கொடுக்கிறவருக்கு ஏன் இத்தனை அவசரம்? எலிக்கு மீசை துடித்தது.

"ஈடா என்ன வைக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். உன் சொந்தக்காரங்க எந்தெந்த வளையில இருக்காங்கன்னு மட்டும் சொல்லு. நீ மறந்துட்டா, அவங்களை விட்டு உனக்கு ஞாபகப்படுத்தலாம் பாரு."

"எனக்குச் சொந்தம்னு யாருமே இல்லீங்க," என்றது எலி, சட்டென்று.

"அப்படியா?" சாரை தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டியது. "உன் அண்ணன் அப்படிச் சொல்லலையே. போன மாசம் என்கிட்ட நெல் வாங்கறப்ப, முதல்ல காட்டினதே உன் வளையைத்தான்."

அண்ணனைக் கொஞ்ச நாளாகவே வயல் பக்கம் காணோம் என்பது எலிக்கு அப்போதுதான் உறைத்தது.