காலையிலேயே வந்துடு

"இன்னிக்கு மழைதான் கொட்டப்போகுது. லேட்டு காலையிலேயே வந்து நிக்கிறான்."

கேட்டைத் திறந்துவிட்ட அக்கா சிரித்தாள். ஏசி மெக்கானிக்கான தம்பி செருப்பைக் கழற்றினான். 'லேட்டு' பள்ளிக்கூட நாளில் ஒட்டிய பட்டப்பெயர். வயது நாற்பதைத் தாண்டியும் அவனை விடுகிற வழியாக இல்லை.

"நீதானே குரூப்ல போட்ட, எல்லாரும் வந்துடுங்கன்னு?"

"மதியச் சாப்பாட்டுக்குன்னு போட்டேன். நீ எப்படியும் சாயங்காலம்தான் வருவேன்னு உன் பங்கை எடுத்து வைக்கப் பாத்திரம்கூட ரெடி பண்ணிட்டேன்."

கோடை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார், சித்தப்பா பிள்ளைகள், அத்தை குடும்பம் என்று மொத்தக் கூட்டமும் அப்பா வீட்டில் கூடுவது வருஷா வருஷம் நடக்கிற சங்கதிதான். அப்பா இல்லாமல் கூடுவது இதுதான் முதல் தடவை. கடைசிவரை அவரோடு இருந்து பார்த்துக்கொண்டவள் அக்கா.

சும்மா நிற்பானேன் என்று ஸ்டோர் ரூமிலிருந்து மடக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்து வாசலில் சாய்த்தான். அக்கா ஈரத்துணியோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"மூஞ்சி ஏன் உர்ருன்னு இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"உன் ஒண்ணுமில்ல எனக்குத் தெரியாதா? சொல்லுடா."

அவன் ஒரு நாற்காலியை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான். "அப்பா என்கூட ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்காராக்கா? அண்ணனுங்க வந்தா உலகத்துக் கதையெல்லாம் பேசுவார். என்கிட்ட மட்டும், சாப்பிட்டியா, வண்டி ஒழுங்கா ஓடுதா, அவ்வளவுதான். காலேஜை விட்டுட்டு ஸ்பேனர் தூக்கப் போனப்போ, நீ உருப்படவே மாட்டேன்னார். போய்ச் சேர்ற வரைக்கும் அதையேதான் நினைச்சுட்டிருந்தாரா, இல்லையா? அதுகூடத் தெரியாமப் போச்சு. ராத்திரி படுத்தா இதேதான் மண்டைக்குள்ள ஓடுது."

"அப்படியெல்லாம் இல்லடா. அவருக்கு உன்கிட்ட ஒரு கூச்சம்."

"கூச்சமா? கூச்சப்படறவர்தான் மனுஷனை அப்படி அசிங்கப்படுத்துவாரா?"

"என்ன அசிங்கம்?"

இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை அவன் ஒருவழியாக வெளியே எடுத்தான்.

"லீவுக்கு எல்லாரும் கூடறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் அவரே போன் பண்ணுவார். 'டேய், காலையிலேயே வந்துடு'ன்னு. முதல் வருஷம் நானும் அடிச்சுப் பிடிச்சுக் கிளம்பினேன். வழியில பெரியண்ணனுக்கு போன் போட்டா, 'மதியம்தானேடா, இன்னும் குளிக்கவே இல்ல'ங்கறான். ஊருக்கெல்லாம் மதியம், எனக்கு மட்டும் காலை. இந்த லேட்டுப் பயலைக் காலையில வரச் சொன்னாத்தான் மதியத்துக்காவது வந்து சேருவான்னு கணக்கு. கல்யாணமாகிப் பிள்ளை பெத்தவனுக்கு இதுதான் மரியாதையா?"

"சரி, அதனால?"

"அதனால என்ன, தெருமுனை டீக்கடையில உட்கார்ந்துடுவேன். பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பெரியண்ணன் கார் தாண்டிப் போனப்புறம்தான் எழுந்து வருவேன். வருஷா வருஷம் இதே கதைதான். லேட்டுன்னு பேர் வெச்சாச்சு, லேட்டாவே வருவோம்னு ஒரு வீம்பு."

சொல்லி முடித்தபோது அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"டீக்கடையிலயா இருந்தே? சீசன் நேரம், சர்வீஸ் கால் வந்துடுச்சுன்னு சொல்லுவியே?"

"அதெல்லாம் சும்மா அடிச்சு விட்டது."

"அவர் அதை நம்பினார்டா. 'இந்த வெயில்ல எத்தனை வீடு அவனை நம்பி இருக்கு பாரு'ன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வேற பெருமையாச் சொல்லுவார்."

அவன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். அப்பா தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார் என்பதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ உதைத்தது.

"என்னக்கா?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டார். தெரிஞ்சா வேலையைக் கெடுத்துக்கிட்டு ஓடி வருவான், வேணாம்னார். அவர் போனப்புறம் இனிமே சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன்."

"என்னன்னு சொல்லுக்கா."

அக்கா ஈரத்துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வருஷா வருஷம் நாம கூடற அன்னிக்கு மட்டும் அவர் விடியறதுக்குள்ள எழுந்து ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்குவார். பிளாஸ்க்ல டீயை ஊத்தி வாங்கிட்டுப் போய் கேட் பக்கத்துல உட்காருவார். 'எல்லாரும் வந்துட்டா எனக்கு வாய் வராது. உருப்பட மாட்டேன்னு அவனைச் சொன்னது தப்புன்னு, கூட்டம் வர்றதுக்குள்ள அவன்கிட்ட தனியாச் சொல்லிடணும்'பார். பெரியண்ணன் கார் சத்தம் கேட்டதும் எழுந்து, உனக்குப் போட்டு வெச்ச நாற்காலியை மடக்கி உள்ள கொண்டு போயிடுவார்."