பானட்டுக்கு ஒரு கை

கார் பானட் தலைக்கு மேலே தானாக நின்றது. யாரும் பிடிக்கவில்லை.

தனபால் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புதுசு நல்லாத் தாங்குதுப்பா. இனி அம்மா வெயில்ல நிக்க வேண்டியதில்லை" என்றான் மணிமாறன். நாமகிரிப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். தனபாலின் மகன் மோகன்குமாரோடு படித்தவன்; அந்தப் பழக்கத்தில் இவர்களையும் அப்பா, அம்மா என்றே கூப்பிடுவான். பானட்டைத் தாங்கும் கேஸ் ஷாக் இரண்டும் போய்விட்டன என்று யாரோ சொல்லக் கேட்டு, தானே புதுசு வாங்கி வந்துவிட்டான். ஒரு பக்கத்தை நெம்பிக் கழற்றி, புதுசை டக்கென்று அழுத்தி, அடுத்த பக்கத்துக்குப் போய், தனபால் யோசித்து முடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டான். பழையது இரண்டும் எண்ணெய் கசிந்து தரையில் கிடந்தன.

கை கழுவ வீட்டுக்குப் பின்புறம் போனான்.

நல்ல பிள்ளை. நல்லது செய்ய வருகிறவனை என்ன சொல்லித் தடுப்பது?

கார் மோகன்குமார் வாங்கியது. வாங்கும்போதே பழசு. போன ஆடியில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கார் எங்கும் போகவில்லை. அவனைப் பெற்ற சென்னியம்மாளும் எங்கும் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதற்கும் இல்லை. அவளை விட்டுவிட்டு எங்கே போவது என்று தனபாலும் போகவில்லை. லாரியைத் தம்பியிடம் விட்டாயிற்று. தாடி கழுத்துக்கு இறங்கிவிட்டது. அவளைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விடுகிறது என்று கேட்பவர்களிடம் சொல்வார்.

ஆனால் பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று தினமும் காலையில் காரை ஸ்டார்ட் செய்வார். லாரிக்காரர் புத்தி; ஆயில், தண்ணி பார்க்காமல் சாவியைத் திருக மாட்டார். பார்ப்பதற்குத் திறந்தால் பானட் நிற்காது, மண்டையில் விழும். ஆகவே இன்னொரு கை வேண்டும்.

"அம்மிணி, வந்து புடி" என்று கூப்பிடுவார்.

சென்னியம்மாள் வருவாள். அறையை விட்டு அவள் வெளியே வருவது அதற்கு மட்டும்தான். முந்தானையைச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு நிற்பாள். முகத்தில் கொஞ்சம் வெயில் படும்.

தண்ணீர் குறைந்திருக்காது. ஆனாலும் தனபால் எட்டி எட்டிப் பார்ப்பார். ஆயில் கம்பியைத் துடைத்துத் துடைத்து விடுவார். ஒருநாள் எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருப்பதைச் சொன்னாள். அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

சில காலைகளில் அவர் எழாமல் படுத்துக் கிடந்தால், அவளே வந்து எட்டிப் பார்த்து, வண்டியை இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லையா என்று கேட்பாள். தேறி வருகிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

இனி எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

கூப்பிட ஒன்றும் இல்லையென்றால் அவள் அந்த அறையிலேயே சுவரைப் பார்த்தபடி கிடந்து போய்விடுவாள். நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. மகனைக் காப்பாற்ற முடியவில்லை. இவளையாவது விடக் கூடாது. பழசையே திரும்ப மாட்டச் சொல்லிவிடலாம். கிறுக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மணிமாறன் ஈரக் கையோடு வந்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் புது ஷாக்கின் கிளிப்பை நெம்பத் தொடங்கினான்.

"என்ன சாமி பண்றே?"

அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. 

"அம்மா ஜன்னல் வழியாக் கூப்பிட்டு, பழசையே மாட்டச் சொல்றாங்கப்பா. இதுவும் சரியாகி, அவங்களைக் கூப்பிடற வேலையும் இல்லைன்னா நீங்க கட்டிலை உட்டே எந்திரிக்க மாட்டீங்களாமா."