அடுக்களைக்காரிக்குக் கிரீடம்

"பூவிதான் ராணி ஆவா. இல்லெங்கி எனக்க காதை அறுத்துத் தாறேன்" என்றாள் ஆனந்தபாய்.

"அடுக்களைக்காரிக்கு ஏது கிரீடம்? மூத்த ராஜகுமாரன் ஆக்கும் ஆளப்போறது. பறக்கிற குதிரை உண்டு, மீசை உண்டு" என்றாள் விலாசினி.

"மீசை எனக்க வீட்டிலயும் ஒண்ணு உண்டு. அது ஆளுற லெச்சணம் எனக்குத் தெரியும்."

மினி மட்டும் மந்திரவாதி கட்சி. "பாத்துட்டே இருங்க. எல்லாரையும் தவளை ஆக்கிட்டு அவனே ஏறி இருப்பான்."

"தவளைய ஆண்டு என்னட்டி கிட்டும்?"

"இங்க நம்மள ஆண்டு முதலாளிக்குக் கிட்டேல்லியா?"

எண்பது பெண்களும் சிரித்தார்கள். கைகள் மட்டும் நிற்கவில்லை.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை. வறுத்த முந்திரிக்கொட்டையைத் தடியால் தல்லி, பருப்பு உடையாமல் எடுக்கிற வேலை. கை ஓயக்கூடாது, வாய் ஓயவேண்டும் என்பது முதலாளி தங்கப்பனின் கொள்கை. அதற்கு அவரே கண்டுபிடித்த மருந்துதான் தமிழ் வாரப் பத்திரிகையில் வரும் ராஜா கதை.

"குடும்பக் கதை வாசிச்சா அழுவாளுவ. பேப்பர் வாசிச்சா யூனியன் வரும். ராஜா கதையில ஒரு ஆபத்தும் இல்ல" என்பார்.

வாசிப்பது சூப்பர்வைசர் சுந்தரதாஸ். பெண்களுக்கு வாயில்தான் தமிழ். படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். அந்த ஆபீசில் தமிழ் எழுத்து தெரிந்த ஒரே ஆள், மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் சுந்தரதாஸ்தான்.

அவர் குரல் எல்லாருக்கும் பிடிக்கும். அவரை யாருக்கும் பிடிக்காது.

ஆபீசில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. முந்திரி ஓட்டுக் குவியலுக்குப் பின்னால் போகவேண்டும். மழை வந்தால் தலையில் சாக்கு. ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல். ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி மூன்று தடவை போய்க் கேட்டார்கள். மூன்று தடவையும் முதலாளி "அடுத்த சீசன்" என்றார். மூன்று தடவையும் சுந்தரதாஸ் அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்.

முதலாளிக்க வால் என்று அவருக்குப் பெயர் வைத்தது ஆனந்தபாய்.

"அண்ணோ, பத்திரிகைப் படத்துல குதிரை இருக்கு, ராஜகுமாரன் இருக்கான். எங்க பூவிய மட்டும் காணோமே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அடுக்களைக்காரிக்க படத்த எவன் வரைவான்? தடிய எடு" என்றார் சுந்தரதாஸ்.

அந்த வாரக் கதை இப்படிப் போயிற்று. அடுக்களைப் பெண்களுக்கு அரண்மனையில் ஒதுங்க ஒரு மறைவிடம்கூட இல்லை. பூவி எல்லாரையும் கூட்டினாள். அறுபது அடுப்பிலும் தண்ணீர் ஊற்றினாள். மூன்று நாள் புகை எழும்பவில்லை. பறக்கும் குதிரையும் மந்திரக்கோலும் ஒரு பிடி சோறு பொங்கித் தரவில்லை. நாலாம் நாள் ராஜா இறங்கி அடுக்களை வாசலுக்கு வந்தான்.

தடிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"மூணு நாளு போதுமா அண்ணோ?" என்றாள் ஆனந்தபாய்.

"ராஜாவுக்குப் போதும்." சுந்தரதாஸ் பத்திரிகையை மடித்தார். "கதை கேட்டது போதும், வேலையப் பாருங்க."

திங்கட்கிழமை எண்பது பெண்களும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். உள்ளே வறுத்த கொட்டை மலையாய்க் கிடந்தது. பருப்பு ஏற்ற வந்த கொல்லத்து லாரி காலியாய் நின்றது.

"சமரமா? வேலைநிறுத்தமா? எனக்க ஆபீசிலயா? எவன் சொல்லித் தந்தான்?" முதலாளி குதித்தார்.

"புத்தி கெட்டதுவ, முதலாளி" என்றார் சுந்தரதாஸ், அவருக்குக் குடை பிடித்தபடி.

"வாலு ஆடுது பாத்தியளா!" ஆனந்தபாய் காறித் துப்பினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முதலாளி கேட்டுக்கு வந்தார். "கக்கூஸ்தானே? கெட்டித் தாறேன். வாங்க."

"கதவு?"

"வைக்கேன்."

"உள்ளேருந்து போடக் கொளுத்து?"

"அதும் வைக்கேன், தாயே!"

தோற்ற கோபத்தை யார் தலையிலாவது இறக்கவேண்டுமே. "எண்பது பொம்பளைகள அடக்கத் தெரியாதவன் எனக்கு என்னத்துக்கு? போவும் ஓய்!"

சுந்தரதாஸ் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். எண்பது பெண்களும் கை தட்டினார்கள். ஆனந்தபாய் விசில் அடித்தாள்.

அடுத்த வாரம் ராஜா கதையின் கடைசி அத்தியாயம் வந்தது. புது சூப்பர்வைசர் ஸ்ரீகுமாரி குழித்துறையில் தமிழ் படித்தவள். அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அவள் வாசித்து முடித்தாள். மூத்த ராஜகுமாரன் குதிரையில் வந்து இறங்கி முடிசூடிக்கொண்டான். சுபம்.

"பாத்தியா? நான் அண்ணைக்கே சொல்லேல்லியா!" என்று துள்ளினாள் விலாசினி.

ஆனந்தபாய்க்கு முகம் செத்துப்போயிற்று. "சரி, பூவிய என்ன செய்தானுவ?"

"எந்தப் பூவி?"

"அடுக்களைக்காரி பூவி. அறுபது அடுப்ப அணைச்சாளே!"

ஸ்ரீகுமாரி மூலையில் கிடந்த பழைய இதழ்களை எடுத்து முதல் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு, இவர்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"யக்கா, இந்தக் கதையில அடுக்களையே இல்லியே."